வீட்டுத் தோட்டமும் இல்லறத்தார் விரதமும்

போகபூமியின் காலம் முடிவுற்று, கற்பக மரங்கள் தம் பயனைச் சுருக்கிக்கொண்டபோது, பசி இன்னதென அறியாதிருந்த மக்கள் முதன்முறையாகப் பசித்தனர். செய்வதறியாது கலங்கி நாபி மகாராஜாவை அடைந்தனர். அவர் தம் திருமகனாராகிய விருஷபதேவரிடம் அவர்களை அனுப்பினார். பகவான் அம்மக்களுக்கு மற்றுமொரு கற்பக மரத்தை வரவழைத்துத் தந்தாரில்லை. அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களைக் கற்பித்தார். உணவை அளிக்கவில்லை, உணவை ஆக்கிக்கொள்ளும் அறிவை அளித்தார். கர்மபூமியில் ஒருவன் உய்வது தன் முயற்சியினாலேயே என்னும் ஜிநதர்மத்தின் அடிப்படை அன்றே உழவின் வாயிலாக உணர்த்தப்பட்டது.

நம் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் வழிவழியாக உழவைப் போற்றி வந்தவை. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம், செஞ்சி ஆகிய பகுதிகளில் ஜிநாலயமும் அதனைச் சூழ்ந்த நன்செயும் நம் ஊர்களின் அடையாளங்கள். இன்று அவ்வூர்களிலிருந்து படிப்பிற்கும் பணிக்கும் நகரங்களுக்கு வந்துவிட்டவர் பலர். நானும் அவர்களுள் ஒருத்தி. நிலம் கைவிட்டுப் போயிற்று. அதனால் நேர்ந்த இழப்பு வருவாயைப் பற்றியது மட்டும் என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழை என்பதை 2020ஆம் ஆண்டு எனக்கு உணர்த்தியது. அதனைச் சகோதர சகோதரிகளோடும் மாணவச் செல்வங்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விரதம் தளர்ந்த இடம்

2020 மார்ச்சு மாத இறுதியில் ஊரடங்கு தொடங்கிற்று. மே மாதத் தொடக்கத்தில் நோய்ப்பரவல் காரணமாகச் சென்னைக் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. செப்டம்பர் மாதத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்நாள்களில் எங்கள் தெருவிற்கு வந்த தள்ளுவண்டியில் பல நாள் இருந்தவை உருளைக்கிழங்கும் வெங்காயமும் மட்டுமே. கீரை இல்லை, அவரை இல்லை, வெண்டை வந்தால் முற்றியும் வாடியும் இருந்தது.

எங்கள் இல்லத்தில் கந்தமூலங்களை விலக்குவது என் தாயார் காலத்திலிருந்து வரும் வழக்கம். நம்மவர் அனைவரும் இதனைக் கடைப்பிடிப்பதில்லை, கடைப்பிடிப்போரும் சிலரே. ஒரு வாரம் பருப்பும் வற்றலும் கொண்டு காலங்கழித்தோம். எட்டாம் நாள் என் மருமகள் தயங்கி வந்து நின்று, “அத்தை, குழந்தைகள் சோற்றைத் தொடவே மறுக்கிறார்கள். ஆபத்துக் காலந்தானே?” என்றாள். நான் மறுமொழி கூறவில்லை. அன்று குழந்தைகளின் தட்டில் உருளைக்கிழங்கு இடப்பட்டது.

மருமகளைக் குறைகூற எனக்கு மனமில்லை, இன்றும் இல்லை. ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. மூன்று தலைமுறையாக நில்லாமல் வந்த ஒழுக்கம் எட்டு நாளில் தளர்ந்தது ஏன் என்று சிந்தித்தேன். உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு ஆகியவை செடி தனக்கென உணவைச் சேமித்து வைக்கும் உறுப்புகள். ஆதலின் அவை விரைவில் வாடுவதில்லை. நெடுந்தூரம் பயணம் செய்யும். சாக்கில் கட்டிவைத்தால் வாரக்கணக்கில் கிடக்கும். நாம் உண்ணும் கீரையும் காயும் அவ்வாறானவை அல்ல. பறித்த அன்றே பயன்படுத்தற்குரியவை. எனவே சந்தைக்கும் சமையலறைக்கும் இடையே பாதை அடைபட்டால் முதலில் மறைவது நம் உணவு. எஞ்சி நிற்பது நாம் விலக்கிய உணவு.

என் தாயாருக்கு இவ்விரதம் எளிதாக இருந்தமைக்கு அவருடைய மனவுறுதி மட்டும் காரணமன்று. கிணற்றடியில் கீரைப்பாத்தியும் வேலியில் அவரைக்கொடியும் வாசலில் முருங்கையும் இருந்தன. எங்கள் விரதம் தளர்ந்த இடம் மனம் அன்று, கொல்லை. கொல்லை இல்லாமற் போனதுதான்.

ஆசாரியர் வகுத்த அளவுகோல்

வீட்டில் பயிரிடலாம் எனின், உடனே ஓர் ஐயம் எழும். மண்ணைக் கொத்தினால் உயிர்கள் அழியாவோ? பூச்சி வந்தால் என் செய்வது? கொல்லாமையைப் போற்றும் நாம் இவ்வினையை வலிய மேற்கொள்ளலாமா? இஃது ஒதுக்கித்தள்ளத்தக்க ஐயம் அன்று. பெரியோர் இதற்கு விடை பகர்ந்துள்ளனர்.

ஹிம்சை நால்வகைப்படும். கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது சங்கல்ப ஹிம்சை. சமைத்தல், பெருக்குதல் போன்ற இல்லப்பணிகளில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு, வாணிகம் முதலிய தொழில்களில் நேர்வது உத்தியோக ஹிம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தாரையும் காக்கும்போது நேர்வது விரோத ஹிம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தார் அறவே துறத்தல் வேண்டும். ஏனையவற்றை இயன்ற அளவு குறைத்தல் வேண்டும். துறவியர்க்கே நான்கையும் முற்றத் துறத்தல் இயலும்.

சமந்தபத்திராசாரியார் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில், பயன் சிறிதாகவும் உயிர்க்கேடு பெரிதாகவும் உள்ள பொருள்களை விலக்குமாறு கூறி, முள்ளங்கியையும் பச்சை இஞ்சியையும் எடுத்துக்காட்டுகளுள் வைக்கின்றார். பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரை வீணாக்கல், தீ மூட்டல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றையும் அவர் கடிகின்றார். ‘பயன் எவ்வளவு, கேடு எவ்வளவு’ என்னும் இவ்வொரு வினாவைக் கையில் வைத்துக்கொண்டால் தோட்டத்தில் எழும் ஐயங்கள் பலவற்றிற்கு நாமே விடை காணலாம்.

ஒன்றை மறத்தலாகாது. நாம் பயிரிடாதிருந்தால் ஹிம்சை நேராது என்பதில்லை. கடையில் வாங்கும் காய்க்காகவும் யாரோ ஒருவர் மண்ணைக் கிளறினார். பெரும்பாலும் நஞ்சும் தெளித்தார். நம் கண்ணில் படவில்லை என்பதே வேறுபாடு. கண்ணில் படுவதைக் குறைக்க முயல்வோம். படாததை எங்ஙனம் குறைப்பது?

நான் செய்த பிழை

இதனை நான் கற்றது நூலில் இருந்து அன்று. 1970களின் நடுவில் சிற்றூர்த் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்தேன். ஆசிரியப் பயிற்சியின்போது தோட்டவேலையும் பாடமாக இருந்தமையால், பள்ளியின் பின்புறம் மாணவர்களோடு ஒரு தோட்டம் அமைத்தேன். அவரைப் பந்தலும் அதனருகே பூசணிக்கொடியும் செழித்திருந்தன. தை மாதத்தில் அவரைத் தளிர்களில் அசுவினி மொய்த்தது. அக்காலத்தில் எவரும் செய்ததையே நானும் செய்தேன். பி.எச்.சி. தூளை வாங்கிவந்து, துணியில் முடிந்து, பெரிய மாணவர்களைக் கொண்டு செடிகளின்மீது தூவச் செய்தேன்.

மறுநாள் காலை மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இரு கைகளையும் குவித்தபடி என்னிடம் வந்தாள். கையில் பத்துப் பன்னிரண்டு தேனீக்கள் இறந்து கிடந்தன. “டீச்சர், இவையும் அவரைக்காய் தின்றனவா?” என்று கேட்டாள். என்னால் விடையிறுக்க இயலவில்லை. அசுவினியை உண்டு நமக்கு உதவும் பொறிவண்டுகளும் தரையில் கிடந்தன. அந்த ஆண்டு பூசணி ஏராளமாகப் பூத்தது. காய்த்தது மிகச் சில. பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீ வந்து மகரந்தம் சேர்த்தாலன்றிப் பிஞ்சு நில்லாது. மாணவர்களுக்கு நான் கரும்பலகையில் எழுதிக் கற்பித்த பாடந்தான் அது.

ஏர் முனையில் ஓர் உயிர் அழிந்தால் உழுபவன் உள்ளத்தில் கொலையெண்ணம் இல்லை. தூளைத் தூவச் சொன்னபோது என் உள்ளத்தில் இருந்ததோ, ‘இவை சாக வேண்டும்’ என்பதே. அது சங்கல்பம். அதனைச் சிறுவர் கையால் செய்வித்தேன் என்பது இன்றும் என்னை வருத்துவது. அந்தத் தூள் 1997இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. தடை வரும்வரை காத்திராமல் கேட்டவள் அச்சிறுமி.

இயற்கை உரம் எல்லாம் நமக்கு உரியதன்று

இக்காலத்தில் ‘இயற்கை முறை’ என்று எழுதியிருந்தால் ஐயமின்றி வாங்கிவிடுகிறோம். இயற்கை முறை வேறு, அகிம்சை முறை வேறு. நாற்றுப்பண்ணைகளில் மண்கலவையோடு எலும்புத்தூளைச் சேர்த்து விற்பதுண்டு. மீன் கழிவும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் மீன் அமிலம், முட்டையைக் கொண்டு செய்யும் முட்டைக் கரைசல் ஆகியவையும் இயற்கை உரங்களாகவே பரிந்துரைக்கப்படுகின்றன. மஞ்சள் நிற ஒட்டுப்பொறி நஞ்சில்லாததுதான்; ஆயினும் பூச்சியை ஒட்டவைத்துக் கொல்வதே அதன் வேலை. ஆதலின் வாங்குமுன் ‘இதில் என்ன சேர்ந்துள்ளது?’ என்று கேட்டறிதல் வேண்டும்.

வேம்பைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். வேப்பங்கொட்டைச் சாறு பூச்சிகளை உண்ணவிடாமல் விலக்குகிறது. அதனோடு, புழுக்கள் தோலுரித்து வளர்வதையும் தடுக்கிறது. அதனால் அவை இறப்பதும் உண்டு. எனவே பூச்சி மொய்த்தபின் வேம்பைத் தெளிப்பது நமக்கு ஏற்றதன்று. பூச்சி இல்லாத காலத்திலேயே முன்கூட்டித் தெளித்து வைத்தால் அவை வேறிடம் நாடிச் செல்லும்.

எலும்புத்தூளுக்கு மாற்றாகத் தொழுவுரமும், காய்கறித் தோலும் உதிர்ந்த இலையும் மக்கிய உரமும், புண்ணாக்கும் போதும். உதிர்ந்த சருகை எரித்தல் வீண் ஹிம்சை. அதனை ஒரு தொட்டியில் இட்டு, சிறிது மண் தூவி, ஈரம் காயாமல் வைத்திருந்தால் மூன்று, நான்கு மாதங்களில் நல்ல உரமாகும்.

கொல்லாது காக்கும் வழிகள்

வந்தபின் கொல்வதை விட வராமற் காப்பதே நம் முறை. எங்கள் மொட்டைமாடியில் நான் கைக்கொண்டு பயன்கண்ட வழிகள் இவை:

1. நாற்றுப் பருவத்தில் மெல்லிய வலையால் மூடி வைத்தல். தாய்ப்பூச்சி இலையில் முட்டையிடாவிடில் புழுவும் இல்லை, கொலையும் இல்லை. கொடிவகைகள் பூக்கும்போது தேனீ வருவதற்காக வலையை நீக்கிவிட வேண்டும்.

2. உரத்தை அளவோடு இடுதல். உரம் மிகுந்தால் இளந்தளிர் மிகும். தளிர் மிகுந்தால் அசுவினி மிகும். செடிக்கும் மிகுபொருள் விரும்பாமை நன்று.

3. ஒரே வகைச் செடியை நெருக்கி வைக்காமல் பலவகையைக் கலந்து, காற்றோட்டமாக வைத்தல்.

4. அசுவினி மொய்த்த தளிரை மட்டும் மெல்லக் கிள்ளி, தொலைவில் உள்ள ஒரு காட்டுச்செடியின் மீது விடுதல். வெறுங்குப்பையில் எறிதலாகாது. நான் இதற்கெனவே ஓர் அவரைச் செடியைத் தோட்டத்திற்கு வெளியே வைத்திருக்கின்றேன். அதன் காயை நாங்கள் பறிப்பதில்லை.

5. முருங்கையில் கம்பளிப்பூச்சி சேர்ந்தால் தீப்பந்தம் காட்டிப் பொசுக்குவது ஊர்வழக்கம். இதனை நாம் ஒருபோதும் செய்யலாகாது. இலை முழுதும் போயினும் முருங்கை மீண்டும் தழைக்கும் மரம். சில வாரங்கள் அதன் பக்கம் செல்லாமல் பொறுத்திருந்தால் போதும்.

6. தொட்டியின் கீழ் வைக்கும் தட்டில் நீர் தேங்கவிடாமை. தேங்கிய நீரில் கொசுப்புழு தோன்றும். பின் அதனை அழிக்க நேரும். உயிர் தோன்ற இடங்கொடுத்துவிட்டுக் கொல்வது அறிவுடைமை அன்று.

7. காலை வெயில் வந்தபின் இலைகளைத் திருப்பிப் பார்த்துப் பறித்தல். விளக்கொளியில் கீரை ஆய்தல் கூடாது. வீட்டில் விளைந்ததைப் பகலில் பறித்து, பகலில் சமைத்து, கதிரவன் மறையுமுன் உண்பது நம் இரவுண்ணாமைக்கும் இயைந்தது.

இவ்வளவும் செய்து ஒரு பங்கு பூச்சிக்குப் போகுமாயின், போகட்டும். அவையும் பசியோடு பிறந்த உயிர்களே.

எதனைப் பயிரிடலாம்?

நாள்தோறும் ஐந்து அல்லது ஆறு மணிநேரம் வெயில் படும் இடம் வேண்டும். தொட்டியோ வளர்ப்புப் பையோ எதுவாயினும் அடியில் நீர்வடியும் துளைகள் இருத்தல் வேண்டும். இருபங்கு செம்மண், ஒருபங்கு மக்கிய உரம், ஒருபங்கு தேங்காய் நார்க்கழிவு என்னும் அளவில் கலந்து, ஒரு வாரம் ஆறவிட்டு விதைக்கலாம்.

முதன்முறை பயிரிடுவோர் ஐந்து தொட்டிகளோடு தொடங்குக. இரண்டில் கீரை, ஒன்றில் வெண்டை, ஒன்றில் கொத்தவரை, ஒன்றில் கறிவேப்பிலை. சிறுகீரை ஏறத்தாழ 25 நாளில் பயன்தரும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ளிவந்தால் மீண்டும் மீண்டும் துளிர்க்கும். செடியைக் கொல்லாமல் அதன் கொடையை மட்டும் பெறும் இம்முறை நமக்கு மிகவும் ஏற்றது. வெண்டை ஒன்றரை மாதத்திலும், கொத்தவரை ஏறத்தாழ இரண்டு மாதத்திலும் காய்க்கத் தொடங்கும். சிறிது நிலம் உள்ளவர்கள் முருங்கை வைக்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கப்பட்டு 1989இல் வெளியிடப்பட்ட பி.கே.எம்.1 என்னும் செடிமுருங்கை விதைத்து ஆறு மாதம் அளவில் காய்க்கத் தொடங்கும். பந்தலுக்குப் புடல், பீர்க்கு, பாகல், அவரை உள்ளன.

காலமும் முக்கியம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நம் முன்னோர் வழக்கு, அடுத்துத் தைப்பட்டம். ஆடி மாதத்தை ஒட்டியே முனிவர்களின் சாதுர்மாசமும் தொடங்குகிறது. மழையால் எங்கும் உயிர்கள் தளிர்ப்பதனால், அவற்றை மிதியாதிருக்க அவர்கள் ஓரிடத்தில் தங்குகின்றனர். நாமோ அதே மழையில் மண்ணைத் திறக்கின்றோம். அவர்களை நினைந்து மென்மையாகத் திறப்போமாக.

வெயிற்காலத்தில் மிகுதியாகக் கிடைக்கும் கொத்தவரை, மணத்தக்காளி, சுண்டை ஆகியவற்றை வற்றலாக்கி வைத்தால், பச்சைக் காய்கறியை விலக்கும் அஷ்டமி, சதுர்த்தசி நாள்களுக்கும், கீரையைத் தவிர்க்கும் மழைக்காலத்திற்கும் உதவும்.

தற்சார்பின் எல்லை

மாடித்தோட்டத்தால் ஒரு குடும்பத்தின் முழு உணவையும் விளைவித்தல் இயலாது. உலகச் சுகாதார நிறுவனம் ஒருவர் நாள்தோறும் 400 கிராமேனும் காய்கனி உண்ண வேண்டும் என்கிறது. நால்வர் உள்ள இல்லத்திற்கு ஒன்றரைக் கிலோவிற்கு மேல் ஆகும். பத்துத் தொட்டிகள் அதனைத் தரமாட்டா. அரிசிக்கும் பருப்பிற்கும் உழவரையே சார்ந்திருப்போம். அதில் இழுக்கொன்றும் இல்லை. ஆயினும் கடை மூடிய நாளில் நம் ஒழுக்கத்தை நாம் விட்டுவிடாமல் இருப்பதற்கு ஒருபிடிக் கீரையும் நான்கு வெண்டையும் போதும். நான் வேண்டும் தற்சார்பு அவ்வளவே.

1965இல் நாட்டில் உணவுப் பற்றாக்குறை நேர்ந்தபோது தலைமை அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி, வாரம் ஒருவேளை உணவைத் துறக்குமாறு மக்களை வேண்டினார். தம் இல்லத்துப் புல்வெளியையும் உழுது பயிரிட்டார். அப்போது நான் பள்ளிச் சிறுமி. உண்ணாநோன்பு எங்கள் இல்லத்திற்குப் புதிதன்று. ஆதலால் எளிதாகக் கடைப்பிடித்தோம். குறைத்துக்கொள்ளுதலும் விளைவித்துக்கொள்ளுதலும் ஒரே அறத்தின் இரு கைகள் என்பதை அப்பெரியார் தம் செயலால் காட்டினார்.

மிகுதியாக விளைந்தால் விற்க வேண்டா. அண்டை வீட்டாருக்குக் கொடுங்கள். முனிவர் எழுந்தருளும் காலத்தில் ஆகாரதானத்திற்கு அளியுங்கள். விதை முதல் விளைவு வரை நம் கண்முன் வளர்ந்த காயை, ‘இது தூயது’ என்று தயக்கமின்றிச் சொல்லி அளிக்கும் மனநிறைவு பெரிது.

நன்னூல் செய்த பவணந்தி முனிவர், நல்லாசிரியருக்கு உவமையாகக் கூறும் நான்கனுள் முதலாவது நிலம். பொறுமையும், காலமறிந்து உழைத்தவரின் உழைப்பிற்கு ஏற்பப் பயன் தருதலும் அதன் பண்புகள் என்பார். நாற்பது ஆண்டுகள் ஆசிரியையாக இருந்த நான், ஓய்வுபெற்றபின் அந்த ஆசிரியனிடம் மாணவியாகச் சேர்ந்திருக்கின்றேன்.

எங்கள் மாடியில் இன்று பதினொரு தொட்டிகள் உள்ளன. அன்று உருளைக்கிழங்கு உண்ட பேரன் இப்போது எட்டாம் வகுப்பில் படிக்கின்றான். நாள்தோறும் காலையில் இலைகளைத் திருப்பிப் பார்ப்பது அவன் பணி. அண்மையில் ஒருநாள், “பாட்டி, வெளியில் இருக்கிற அவரைச் செடிக்கு நான் தண்ணீர் ஊற்றட்டுமா? அதுவும் நம்முடையதுதானே?” என்று கேட்டான். ஊற்று என்றேன்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

(பெற்றோர் தம் பிள்ளைகளுடன் அமர்ந்து கலந்துரையாடுக.)

1. மக்கள் பசித்து வந்தபோது விருஷபதேவர் உணவளிக்காமல் தொழில் கற்பித்தது ஏன்?

2. நால்வகை ஹிம்சையுள், ஏர் உழுதலும் நஞ்சு தெளித்தலும் எவ்வெவற்றுள் அடங்கும்? காரணம் கூறுக.

3. ‘இயற்கை உரம்’ என விற்கப்படுவனவற்றுள் நாம் விலக்கத்தக்கவை யாவை?

4. நம் இல்லத்திற்கு இவ்வாரம் வந்த காய்கறிகளுள் எவற்றை நாமே வளர்த்திருக்கலாம்? பட்டியல் எழுதுக.

5. கடைகள் பத்து நாள் மூடப்பட்டால், நம் விரதம் குலையாமல் உண்ண நம் இல்லத்தில் என்ன உள்ளது?

ஐந்தாம் வினாவிற்கு விடை எழுத இயலாத இல்லத்தார், வரும் ஆடிப்பட்டத்தில் ஒரு தொட்டியேனும் வைப்பார்களாக.

அறம் வளர்க.